'இங்கே வா' என்று தொடங்கும் மொழி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புதிதாக வரும் வெள்ளைக்கார இளைஞர்களுக்கென்றே கொழும்பில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. சின்னத்துரைமாருக்கான கையடக்கத் தமிழ் வழிகாட்டி அது. அதற்கு வைத்த பெயர் 'இங்கே வா'.

மொழி கற்றுத்தரும் புத்தகத்துக்கு எந்தப் பெயரையும் வைக்கலாம். 'வணக்கம்' என்று வைக்கலாம், 'பேசுவோம்' என்று வைக்கலாம். இந்தப் புத்தகத்துக்கு அமைந்ததோ ஓர் ஏவல். தமிழ் இலக்கணம் ஏவலையும் வியங்கோளையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. 'வா' என்பது முன்னால் நிற்பவரைப் பணிக்கும் சொல். 'வருக' என்பது அவர் வரவை விரும்பும் சொல். தோட்டத்துக்கு வந்த துரைக்குத் தேவைப்பட்டது முதலாவது மட்டும்தான்.

அடுத்தவர் மொழியைக் கற்றுக்கொள்வதே மரியாதை என்று நாம் நினைக்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மொழியில் எந்தப் பகுதியைக் கற்றுக்கொள்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். துரைகள் தமிழ் கற்றார்கள். மலாயாவில் தமிழில் தேர்வே எழுதித் தேறிய துரைகள் உண்டு. ஆனால் அந்தத் தமிழுக்கு இருந்த வேலை ஏவுவதும் கணக்குக் கேட்பதும்தான். தொழிலாளி திரும்பக் கேள்வி கேட்டாலோ, 'இது சரியில்லை' என்றாலோ, 'என்னால் முடியாது, காரணம் இது' என்று விளக்கினாலோ அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழ் எத்தனை துரைகளிடம் இருந்திருக்கும்? ஒரு மொழியின் பாதியை மட்டும் வேலையிடத்துக்குள் விட்டுவிட்டு, மறுபாதியை வாசலிலேயே நிறுத்திவிடும் வழக்கம் அது. அந்த மறுபாதி இல்லாததால் வேலையிடங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இந்தப் பாதி மொழிக்குத் தனிப் பெயரே உண்டு. ஃபனகாலோ. பெரும்பாலும் ஜூலுச் சொற்கள், கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் ஆஃப்ரிகான்ஸ். 'இதைப் போல' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதாவது, கையால் காட்டி 'இப்படிச் செய்' என்பது. மொசாம்பிக், லெசோத்தோ, மலாவி என்று பல நாடுகளிலிருந்து தங்கச் சுரங்கங்களுக்கு வந்தவர்களுக்கு நிலத்தடியில் இறங்குமுன் இந்த மொழியைச் சொல்லித்தந்தார்கள். இதற்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். நேட்டால் கரும்புத் தோட்டத்து இந்தியர்களிடமிருந்துதான் ஃபனகாலோ பிறந்தது என்று நெடுநாள் ஒரு கருத்து இருந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே அது வழக்கில் இருந்தது என்று மொழியியலாளர் ராஜேந்த் மெஸ்த்ரி காட்டினார். ஆனாலும் அதற்கு 'கூலி மொழி' என்ற பொருளில் ஒரு ஜூலுப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஃபனகாலோவை அவமானத்தின் மொழி என்று எதிர்த்தவர்கள் பலர். தொழிற்சங்கத்தார் அதை ஒழிக்கச் சொன்னார்கள். அதே சமயம், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத சுரங்கத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் சிரித்துப் பேசவும் அதுவே உதவியது. இரண்டும் உண்மைதான். வளைகுடாவுக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர்களைக் கேட்டால் இது எளிதில் புரியும். 'யல்லா' (வா, சீக்கிரம்), 'மாஃபி மாலும்' (தெரியாது), 'கல்லிவல்லி' (விட்டுத்தள்ளு) என்று ஒரு உடைந்த அரபு அங்கே எல்லா நாட்டுத் தொழிலாளர்களுக்கும் பொது. முதலாளி 'சதீக்' என்றுதான் கூப்பிடுவார். சதீக் என்றால் நண்பன். ஆனால் அந்த நண்பனின் பெயர் முதலாளிக்குத் தெரியாது. பத்து வருடம் அங்கிருந்து திரும்பிய ஒருவர் என்னிடம், "எனக்கு அரபு நல்லாத் தெரியும், ஆனா சம்பளம் ஏன் குறைஞ்சுதுன்னு கேக்கற அளவுக்குத் தெரியாது" என்றார். பத்து வருடத்தில் அவரை அந்த இடம் வரைக்கும் அந்த மொழி போகவிடவில்லை.

சரி, திருப்பூருக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த ஊர்தான்.

ஒரு பனியன் கம்பெனியின் தையல் பிரிவில் ஒரு பகல் முழுக்க இருந்தேன். ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. டெய்லர்களில் பாதிப்பேர் உள்ளூர்ப் பெண்கள், மீதி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். சூப்பர்வைசருக்கு ஐம்பது வயது இருக்கும், பக்கத்துக் கிராமத்துக்காரர். உள்ளூர் அம்மா ஒருவரிடம் குனிந்து, "இந்த பண்டல மட்டும் மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க்கா" என்றார். உடனே அடுத்த மெஷினில் இருந்த இளைஞனைப் பார்த்து, "ஏய், இதர் ஆவ். ஜல்தி கரோ" என்றார். இங்கே வா, சீக்கிரம் செய். ஒரே மனிதர், அரை நிமிட இடைவெளி.

அவர் கொடுமைக்காரர் இல்லை. அந்த இளைஞனுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வண்டியில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். இந்தியில் 'ஆவோ' உண்டு, 'ஆயியே' என்ற மரியாதை வடிவமும் உண்டு. தூ, தும், ஆப் என்று முன்னிலையில் மூன்று படி உண்டு. அந்தத் தையல் கூடத்தில் யாரும் யாரையும் 'ஆயியே' என்று அழைத்ததில்லை, அதனால் அவர் காதில் அது விழவே இல்லை. கொங்குத் தமிழின் அழகே வார்த்தைக்கு வார்த்தை வந்து ஒட்டிக்கொள்ளும் அந்த 'ங்க'தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம்கூட 'வாங்க கண்ணு' என்று பேசும் ஊர் அது. அப்படிப்பட்ட ஊர்க்காரரின் வாயிலிருந்து ஒரு மொழி மட்டும் மொட்டையாக வருகிறது. மனிதரிடம் மரியாதை நிறையவே இருக்கிறது. அவருடைய இந்திக்குள் மட்டும் அது வந்து சேரவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதே இளைஞன் செக்கிங்கில் இருந்த வயதான ஓர் அக்காவிடம், "நீ எடு, நீ கொண்டு போ" என்றான். அந்த அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாருங்க, பேரன் வயசுப் பையன், மட்டு மரியாதை கெடையாது" என்று என்னிடம் குறைப்பட்டார். ஆனால் ஒடியாவிலும் தூ, துமே, ஆபண என்று மூன்று படி மரியாதை உண்டு. வங்காளியிலும் துயி, துமி, ஆப்னி உண்டு. பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அவன் அம்மா அவனுக்குச் சொல்லித்தராமல் இருந்திருக்க மாட்டார். தமிழில் மட்டும் அவனுக்குக் கிடைத்தது, அவனைப் பார்த்துப் பேசப்பட்ட தமிழ். 'எடு', 'போ', 'வாடா', 'சீக்கிரம்'. காதில் என்ன விழுந்ததோ அதைத்தான் அவன் திருப்பித் தருகிறான். இந்த ஊரில் வடமாநிலத்துக்காரர்களுக்கு மரியாதை தெரியாது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது பெயர். திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் அவர்கள் எல்லோரும் 'இந்திக்காரங்க'. அல்லது 'பையா'. கோபத்தில் 'வடக்கன்'. ஆனால் ஒடிசாவின் கேந்துஜரிலிருந்தோ மயூர்பஞ்சிலிருந்தோ வருகிறவருக்கு இந்தி தாய்மொழி இல்லை. சந்தாலி பேசுகிறவர் என்றால் அவர் மொழிக்கும் இந்திக்கும் குடும்ப உறவுகூட இல்லை. முண்டா மொழிக் குடும்பம் அது. ஓல் சிக்கி என்ற தனி எழுத்தும் அதற்கு உண்டு, ரகுநாத் முர்மு உருவாக்கியது. பீகாரின் வடபகுதிக்காரருக்கு மைதிலி. சந்தாலியும் மைதிலியும் 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தத்தில்தான் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணைக்குள், அதாவது அது அங்கீகரிக்கும் மொழிகளின் பட்டியலுக்குள், இடம்பிடித்தன.

ஒடியா மொழியின் கதை இன்னும் நெருக்கமானது. ஒடியா தனி மொழியே இல்லை, வங்காளியின் ஒரு கிளைதான் என்று 1870 வாக்கில் எழுதியே வாதிட்டார்கள். பள்ளியிலும் அரசு வேலையிலும் தங்கள் மொழிக்கு இடம் கேட்டு ஒடியர்கள் போராடினார்கள். இந்தியாவில் மொழி அடிப்படையில் முதலில் அமைந்த மாகாணம் ஒடிசா, 1936 ஏப்ரல் 1 அன்று. நாம் 1938இலும் 1965இலும் எதற்காகத் தெருவில் இறங்கினோமோ, அதே உணர்வை நமக்கு முன்பே அறிந்த மக்கள் அவர்கள். அங்கிருந்து வந்தவரை, இந்தியை எதிர்த்த வரலாற்றைப் பெருமையாகச் சொல்லும் மண்ணில் நின்றுகொண்டு 'இந்திக்காரன்' என்கிறோம். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. தமிழ் சூப்பர்வைசர் உடைந்த இந்தியில் பேச, ஒடியாத் தொழிலாளி இன்னொரு உடைந்த இந்தியில் பதில் சொல்ல, இருவரும் தங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு மொழியின் ஓரத்தில் நின்று பேசிக்கொள்கிறார்கள்.

இந்த இடைவெளியில் வாழ்கிற ஒருவர் உண்டு. தோட்டங்களில் அவர் பெயர் கங்காணி. இலங்கைக்கும் மலாயாவுக்கும் தன் ஊரிலிருந்து ஆள் கூட்டிப் போனவர் அவர். துரைக்கும் கூலிக்கும் நடுவில் நின்றார். முன்பணமும் கடனும் அவர் வழியாகவே போயின. இலங்கையில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அவருடைய கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. கங்காணியின் அதிகாரம் கடனிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். மொழியிலிருந்தும் வந்தது. துரைக்கு எது போய்ச் சேர வேண்டும், எது சேரக் கூடாது என்பதை முடிவு செய்தவர் அவர்.

இன்று அந்த இடத்தில் காண்ட்ராக்டர் இருக்கிறார். ஊரிலிருந்து ஆள் கொண்டுவருவார், அறை பிடித்துத் தருவார், பல இடங்களில் சம்பளமும் அவர் கை வழியாகவே வரும். பீஸ் ரேட், அதாவது ஒரு துணிக்கு இவ்வளவு என்ற கூலி, எவ்வளவு என்று கம்பெனி அவரிடம் சொல்லும், அவர் ஆட்களிடம் சொல்வார். இரண்டு எண்களும் ஒன்றா என்று சரிபார்க்க யாருக்கும் வழி கிடையாது. நேர்மையான காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய நேர்மையை மட்டும் நம்பி முப்பது பேரின் கூலி நிற்பது நல்ல ஏற்பாடு இல்லை. வெளிநாட்டு வாங்குவோர் சார்பில் தொழிலாளர் நிலைமையைத் தணிக்கை செய்ய வருகிறார்கள். தொழிலாளியிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது அவர்கள் விதி. மொழி தெரியாவிட்டால், மொழிபெயர்க்க வந்து நிற்பவர் யார்? யாரைப் பற்றிப் புகார் இருக்குமோ அவரேதான் சில இடங்களில்.

சட்டம் என்ன சொல்லிவந்தது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 108ஆவது பிரிவு, ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டமும் இதையே சொன்னது. எழுதப்பட்ட காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆலைத் தொழிலாளி சுற்றுவட்டாரத்து ஆளாக இருந்த காலம் அது. இன்றைக்கு ஒரு கூடத்தில் நூறு பேரில் அறுபது பேர் தமிழ் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை மாட்டினால் அப்படிப்பட்ட விதி நிறைவேறிவிடும். மீதி நாற்பது பேர்? தீப்பிடித்தால் எந்தக் கதவு, சாயப்பட்டறையில் எந்த டப்பாவில் என்ன ரசாயனம், எந்தத் தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்பதெல்லாம் பெரும்பான்மைக்கு மட்டும் தெரிந்தால் போதுகிற விஷயமா? சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள், அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியைத் தமிழிலேயே பெறுகிறார்கள். வங்காளிக்கு வங்காளியில் நடக்கிறது. தொழிலாளர்களில் யார் பெரும்பான்மை என்று அங்கே எண்ணிக்கொண்டிருப்பதில்லை. வேறு பல விஷயங்களில் அந்த நாட்டின் தொழிலாளர் நிலையோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் இது சரியான பழக்கம்.

பலகை மாட்டுவதோடு முடியவும் முடியாது. அது மேலிருந்து கீழே வரும் பேச்சு. கீழிருந்து மேலே போக வேண்டிய பேச்சுக்கு என்ன வழி? ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஏற்றுமதித் துணி தைக்கும் இடங்களில் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ஒரு தாளில் ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதி வைக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்துத் துணியை எல்லாம் சோதிக்க வேண்டும். எங்கோ ஒரு குழந்தையின் சட்டையில் அந்த முனை குத்திவிடக் கூடாது என்பதற்காக. இந்த ஏற்பாடு முழுவதும் டெய்லர் வாய் திறந்து சொல்வதை நம்பி நிற்கிறது. 'ஊசி உடைந்துவிட்டது. இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. நான் தைத்தது இந்த பண்டலில்.' இதைச் சொல்ல முழு வாக்கியம் வேண்டும். அதைவிட முக்கியம், சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கை வேண்டும். 'ஜல்தி கரோ'வில் அந்த வாக்கியமும் இல்லை, அந்த நம்பிக்கையும் இல்லை.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாரை எழுத்தில் தர வேண்டும். எழுத முடியாதவருக்குக் கம்பெனியில் உள்ள புகார்க் குழு உதவ வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பதினெட்டு வயது ஒடியாப் பெண், குழுவில் ஒருவருக்கும் தன் மொழி தெரியாதபோது, யாரிடம் போய் எந்தச் சொல்லில் தொடங்குவாள்? சொல்லவே கூசுகிற விஷயத்தைச் சைகையில் சொல்ல முடியாது. புகாரே வரவில்லை என்று ஒரு கம்பெனி சொன்னால், அந்தக் குழுவில் எத்தனை மொழி பேசுகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

2023 மார்ச் தொடக்கத்தில் நடந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. ரயில் நிலையங்களில் கூட்டம் சேர்ந்தது. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பியது. மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இந்தியில் பேசி விளக்க வேண்டிவந்தது. வீடியோ பொய் என்பது சில நாளில் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த சில நாட்களில், வருடக்கணக்காக ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்களில் பலர், பக்கத்து மெஷின்காரரை நம்பாமல் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு போன் வீடியோவை நம்பினார்கள். அந்த வீடியோ அவர்களோடு அவர்கள் மொழியில் முழு வாக்கியங்களில் பேசியது. பக்கத்து மெஷின்காரருக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான்.

இது தொழிற்சாலைக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை. 2019 மே 9 அன்று மதுரை மாவட்டத்தில் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே பாதையில் இரண்டு ரயில்கள் வரும்படி ஆகி, நல்லவேளையாக விபத்து தவிர்க்கப்பட்டது. ஒரு நிலைய அதிகாரி தமிழர், மற்றவர் வடமாநிலத்தவர், பேச்சில் குழப்பம் என்று செய்திகள் வந்தன. ஜூன் 12 அன்று தெற்கு ரயில்வேயிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. கட்டுப்பாட்டு அறையும் நிலைய அதிகாரிகளும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும் பேச வேண்டும், வட்டார மொழியைத் தவிர்க்க வேண்டும் என்று. பெரும் எதிர்ப்பு எழுந்தது, இரண்டே நாளில் திரும்பப் பெற்றார்கள்.

திரும்பப் பெற்றது சரி. அந்தச் சுற்றறிக்கையின் தவறு வெறும் மொழியுணர்ச்சி சார்ந்தது இல்லை, பாதுகாப்பு சார்ந்ததும்கூட. இரண்டு பேருக்கு இடையே ஆழமான பொது மொழி இல்லை என்பது சிக்கல். அதற்குத் தீர்வாக, இருவரில் ஒருவர் நன்றாகப் பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டால் சிக்கல் குறையுமா? ஆபத்தான நேரத்தில் மனிதன் வாயில் முதலில் வருவது தாய்மொழி. ஆனால் சுற்றறிக்கை போனதோடு பிரச்சினை போய்விடவில்லை என்பதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழ் தெரியாத நிலைய அதிகாரி, தமிழ் மட்டும் தெரிந்த கேட் கீப்பரிடம் இன்றும் பேசியாக வேண்டும். ரயில்வேயில் ஒரு பழைய நல்ல முறை உண்டு. அடுத்த நிலையத்துக்கு ரயிலை அனுப்பலாம் என்ற 'லைன் கிளியர்' அனுமதி கொடுக்கும்போது இரு நிலையங்களும் ரகசிய எண் ஒன்றைப் பரிமாறிக்கொண்டு பதிவேட்டில் எழுத வேண்டும். 'சரி, சரி' என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், கேட்டவர் கேட்டதை உறுதி செய்ய வைக்கும் ஏற்பாடு அது.

ஏனென்றால் 'சரி'யைப் போல ஆபத்தான வார்த்தை வேலையிடத்தில் வேறில்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானி ஆங்கிலத்தில் சொன்ன ஒரு தெளிவில்லாத வாக்கியம், ஸ்பானியக் கட்டுப்பாட்டாளரின் 'ஓகே', ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் எழுந்த இரைச்சல் எல்லாம் சேர்ந்தன. அதில் எனக்கு மறக்க முடியாத இடம் வேறு. டச்சு விமானத்தின் பொறியாளர், எதிர் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். மூத்த விமானி விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. அவர்கள் இருவருக்கும் ஒரே தாய்மொழிதான். மொழி ஒன்றாக இருந்தும் சந்தேகம் மேலே ஏற முடியாமல் நின்றது. இதோடு மொழியும் வேறாக இருந்தால், ஒரு புதுத் தொழிலாளி 'புரிஞ்சுதா?' என்ற கேள்விக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறென்ன செய்வான்? அதனால்தான் விமானத்துறையில் 'புரிந்ததா' என்று கேட்பதோடு விடுவதில்லை, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். மெஷினில் புதிய ஆளை உட்காரவைக்கும்போதும் இதைச் செய்யலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது.

மொழி கற்கும் சுமை யார் தலையில் விழுகிறது என்ற கேள்விக்கு இலங்கைத் தமிழர்களிடம் ஒரு கசப்பான பதில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக்கியது. அதன்பின் அரசுப் பணியிலிருந்த தமிழர்கள் சிங்களத் தேர்ச்சி காட்டாவிட்டால் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. கோடீஸ்வரன் என்ற அரசு எழுத்தர் 1962இல் தன் உயர்வு நின்றபோது நீதிமன்றம் போனார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குப் போடவே முடியாது என்று அதை மாற்றியது. 1969 டிசம்பரில், அப்போது இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம் என்று சொல்லித் திருப்பியனுப்பியது. அந்த மொழிச் சட்டம் செல்லுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு மட்டும் கடைசி வரை தீர்ப்பு வரவில்லை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது.

அந்த எழுத்தர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார். இன்னொரு மொழியைக் கற்பது அவமானம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் மட்டும் கற்க வேண்டும், கற்காவிட்டால் சோற்றில் கை வைப்போம் என்பதுதான் அவமானம். பின்னாளில் தமிழும் ஆட்சிமொழியானது. 2007 ஜூலைக்குப் பின் சேரும் அரசு ஊழியர்கள் மற்ற ஆட்சிமொழியை ஐந்தாண்டுக்குள் கற்க வேண்டும் என்ற சுற்றறிக்கையும் வந்தது. இந்த முறை அது சிங்களவருக்கும் பொருந்தியது. நடைமுறையில் எவ்வளவோ குறைகள் உண்டு, ஆனாலும் சுமை இரு தோளிலும் வைக்கப்பட்டது.

நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். திருப்பூருக்கு வருகிறவர் தமிழ் கற்க வேண்டும் என்பதே என் விருப்பம். இந்தியை நடுவில் வைத்து நிரந்தரமாகச் சமாளிப்பது அவருக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை. ஆனால் ஒன்றரை ஷிப்ட் வேலை முடித்து இரவு ஒன்பது மணிக்கு அறைக்குப் போய்ச் சமைக்கிறவர் எப்போது கற்பார்? யார் சொல்லித்தருவார்? கேரளத்தில் இதற்கு ஒரு பதில் முயன்றார்கள். மரப்பலகை ஆலைகள் நிறைந்த பெரும்பாவூரில் 2017இல் மாநில எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சங்ஙாதி என்றால் தோழன். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பு. அதற்கென்று தயாரித்த பாடநூலின் பெயர் 'ஹமாரி மலையாளம்'. நம்முடைய மலையாளம். எல்லோரும் படித்து முடித்தார்களா என்பது வேறு. ஆனால் பெயரைப் பாருங்கள். கற்க வருகிறவருக்குத் தெரிந்த மொழியில் தொடங்கி, இந்த மொழி உனக்கும் சொந்தம் என்கிறது. நூறு வருடத்துக்கு மேல் முன்னால் கொழும்பில் அச்சான புத்தகத்தின் அட்டையையும் இதையும் நான் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

நம் கம்பெனிகளும் தொடங்கலாம். வேலை நேரத்துக்குள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், சம்பளத்தோடு. சூப்பர்வைசர்களுக்கும் அதே கூடத்தில் ஒடியாவும் வங்காளியும் கொஞ்சம். ஏவலிலிருந்து தொடங்க வேண்டாம். 'எங்கே வலிக்கிறது', 'மெஷின் சரியில்லை', 'எனக்குப் புரியவில்லை', 'இந்தக் கணக்கு சரியா' என்பவற்றிலிருந்து தொடங்கலாம்.

அந்தப் பகல் முடியும் நேரத்தில் சூப்பர்வைசரின் போன் அடித்தது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று வெளியே வந்து ஸ்பீக்கரில் போட்டார். முந்தின நாளிலிருந்து வேலைக்கு வராத ஓர் ஒடியாத் தொழிலாளியின் வீட்டிலிருந்து. பேசியது அவருடைய மகள். அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாளாம்.

"அண்ணா, அப்பாவுக்கு இன்னும் காய்ச்சல் விடலீங்க. டாக்டர் ரெண்டு நாள் படுத்திருக்கச் சொன்னாருங்க. அப்பா வியாழக்கிழமை வருவாருங்க."

நல்ல கொங்குத் தமிழ். அந்த அப்பாவை அவர் அதுவரை 'அந்தப் பையன்' என்றுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரிங்க கண்ணு," என்றார். "அப்பாவ நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. சாப்பிட்டாருங்களா?"